குரங்கு உட்கார்ந்த வண்டி

ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! கம்பெனிக்காரர்கள் உங்களை ஒரு ஏசி ஹாலில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். வாடிக்கையாளரைப் பார்த்ததும் எப்படிச் சிரிக்க வேண்டும், எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதில் குரங்கைப் பற்றி ஒரு வரியாவது வந்ததா? வந்திருக்காது. அதைச் சொல்லித்தர நான்தான் வர வேண்டியிருக்கிறது.

நான் தென்காசியில் பைக் விற்று ஓய்வு பெற்றவன். வண்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இப்போது வருகிற வண்டிகளைப் பற்றி என்னைவிட உங்கள் செல்போனுக்கு அதிகம் தெரியும். வாங்க வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். நம்ம பக்கத்தில் ஒருவன் தனியாக வந்து வண்டி வாங்கிக்கொண்டு போனதாகச் சரித்திரமே கிடையாது. ஓட்டப்போகிறவன் ஒருவன், நிறம் சொல்கிறவள் ஒருத்தி, மைலேஜ் கேட்பதற்கு ஒரு மச்சான், டயரை மிதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சித்தப்பா. இதில் யார் தலையாட்டினால் வியாபாரம் முடியும் என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கு மண்டை காய்ந்துவிடும். இது தினப்படி நடப்பதுதான். நான் சொல்லப்போகிற புதன்கிழமையும் அப்படி ஒரு சாதாரண நாளாகத்தான் விடிந்தது.

ஸ்கூட்டர் எடுக்க வந்த பெண்ணின் பெயர் செல்வி. அச்சன்புதூரில் வாழ்க்கைப்பட்டவள், நர்ஸ் படிப்பு படித்தவள். கேரள எல்லைப் பக்கம் புளியறைக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்து நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். டூட்டி தொடங்குகிற அதிகாலை நேரத்துக்கு அவள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. ஆக, புதன்கிழமை ஸ்கூட்டர் கைக்கு வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் வேலை இல்லை.

நடுவில் மாமனார் இருந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. செல்வியின் வீட்டுக்காரன் பட்டாளத்தில் எங்கோ வடக்கே இருந்தான். அதனால் வண்டி விஷயத்தில் எல்லா அதிகாரமும் ஏட்டையா கையில். முதலில் பார்த்த வண்டியை நிறம் ஆகாது என்று தள்ளினார். பிறகு நாள் குறித்தோம். அன்றைக்குச் சந்திராஷ்டமம் என்றார். கடைசியில் இந்தப் புதன்கிழமைக்கு ஒத்துக்கொண்டார், நிபந்தனையோடு. ராகு காலம் பன்னிரண்டு மணிக்குப் பிறக்கிறது, அதற்குள் குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்துக் கோயிலில் பூஜை முடிந்திருக்க வேண்டும்.

"சரி ஏட்டையா, நானே ஓட்டிக்கிட்டு வந்துருதேன்" என்றேன்.

"ஓட்டிக்கிட்டா? சக்கரம் மொதல்ல கோயில் வாசல்லதான் தரையத் தொடணும் வே. அதுக்கு முன்ன ஒரு சுத்து சுத்துனாலும் வண்டி எனக்கு வேண்டாம்."

"ஃபாக்டரியிலேயே சுத்திப் பாத்துதான ஏட்டையா அனுப்புவாங்க?"

"அது அவன் சுத்துனது. நம்ம கணக்குல வராது."

நம்ம மேனேஜரிடம் போய் முறையிட்டேன். மாதக் கடைசி. அவர் தலைநிமிராமல், "தூக்கிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். சொல்வது எளிது. குட்டியானை என்கிற ஒரு சின்ன லாரியை வாடகைக்குப் பிடித்து, ஸ்கூட்டரைப் பின்னால் ஏற்றினோம். கயிறு போட்டுக் கட்டினால் பெயிண்டில் கீறல் விழும் என்று ஏட்டையா தடுத்துவிட்டார். ஆகவே கயிற்றுக்குப் பதில் நான் நின்றேன். சாரல் முகத்தில் அடிக்க, மாலை போட்ட ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்தபடி தென்காசியிலிருந்து குற்றாலம் வரை நின்றுகொண்டே போனேன். சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு வேனிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா மாலையை மட்டும் கண்டுவிட்டு, என்ன சாமி என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கையை எடுக்க முடியாத நிலையில் இருந்ததால் தலையை ஆட்டி ஆசீர்வாதம் செய்தேன்.

கோயில் வாசலில் இறக்குவது அடுத்த கூத்து. நானும் டிரைவரும் மட்டும் போதாது. அருவிக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர்கள்தான், உடனே வந்தார்கள். ஆனால் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்திருந்தார்கள். அவர்கள் பிடித்த பக்கமெல்லாம் வண்டி வழுக்கியது. ஏட்டையா "பையப் பைய" என்று கத்த, செல்வி ஓடிவந்து தன் துப்பட்டாவைக் கைப்பிடியில் சுற்றிக் கொடுக்க, ஒருவழியாக இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. அதுவும் ஏட்டையாவின் உத்தரவுதான்.

பூஜை போடுகிற குருக்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம், தேங்காய், வாழைப்பழம் எல்லாம் ஒரு தட்டில் வைத்து ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்திருந்தோம். நான் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தேன். அவ்வளவுதான். கோயில் மதிலிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, வாழைப்பழத்தைச் சீப்போடு எடுத்துக்கொண்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் பிரச்சினையே இல்லை. அது நிதானமாக ஒரு பழத்தை உரித்துத் தின்றது. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகம் பார்த்தது. பல்லைக் காட்டியது. மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தது. என் அனுபவத்தில் அவ்வளவு திருப்தியாக ஒரு வண்டியில் உட்கார்ந்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

ஏட்டையா கையை உயர்த்தினார். "போச்சு. மொதல்ல கொரங்குல்லா உக்காந்துட்டு. இனி இது செகண்ட் ஹேண்ட் வண்டி. திருப்பி ஏத்தும் வே."

செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, நாளைக்கிக் காலையில நான் போவணும்லா?" என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வியாபாரி புத்தி என்ன செய்யும்? எதிராளி ஒன்று சொன்னால் உடனே அதற்குப் பதில் தேடும். நானும் தேடினேன்.

"ஏட்டையா, இது கொரங்கா? சாட்சாத் ஆஞ்சநேயர். அவரே வந்து மொதல்ல உக்காந்துருக்காரு. யாருக்குக் கெடைக்கும்?" என்றேன். சுற்றி நின்ற கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. ஈரத்துண்டோடு நின்ற ஒருவர் குரங்கைக் கும்பிடவே செய்தார்.

"ஆஞ்சநேயர் பிரம்மச்சாரி வே. அவரு உக்காந்த எடத்துல ஒரு பொம்பளப் பிள்ள உக்காரலாமா? தெரிஞ்சிக்கிட்டு பேசும்."

நான் குரங்கை உற்றுப் பார்த்தேன். அதன் வயிற்றோடு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. "அது பொட்டக் கொரங்கு ஏட்டையா! வயித்துல குட்டி கெடக்கு பாருங்க!"

"அப்பம் ஆஞ்சநேயர் இல்லங்கீரு. வெறுங் கொரங்குதான?"

 கூட்டமும் "அதுவும் சரிதான்" என்றது. கூட்டம் எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம்தான்.

சீட்டுக்கு மேலே இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் கவர் இருந்தது. குரங்கு உட்கார்ந்தது கவரில்தான், சீட்டில் இல்லை என்று அடுத்ததாக வாதாடினேன். "வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்தா நீரு நாற்காலியில உக்காரலேன்னு அர்த்தமா?" என்று ஏட்டையா கேட்டார். மேனேஜருக்குப் போன் போட்டேன். சீட்டை மட்டும் மாற்றித் தரலாம் என்றார். உட்கார்ந்தது சீட்டில் என்றாலும் தோஷம் முழு வண்டிக்கும் என்று ஏட்டையா தீர்ப்புச் சொன்னார். குருக்களிடம் போனோம். அவர் கையிலிருந்த மணியை ஆட்டிக்கொண்டே, "இங்க குரங்கு உக்காராத வண்டி எது? அதோ என் வண்டி சீட்டைப் பாருங்கோ, பஞ்சே இல்லை" என்றார். "அது பழைய வண்டி" என்றார் ஏட்டையா.

கடைசி நம்பிக்கையாகச் செல்வி தன் வீட்டுக்காரனை வீடியோ காலில் பிடித்தாள். ஏட்டையா போனை வாங்கி, "ஏலே மக்கா, கொரங்கு உக்காந்துட்டுலே. வண்டி வேணுமா வேண்டாமா, நீயே சொல்லு" என்றார். அவன் ஒரு பக்கம் அப்பாவையும் மறுபக்கம் பெண்டாட்டியையும் பார்த்தான். வாயைத் திறந்தான். திறந்த வாயோடு படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நெட்வொர்க் போனதா அல்லது அவனே அப்படி உட்கார்ந்துவிட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பட்டாளத்தில் நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. குரங்கு இரண்டாவது பழத்துக்கு வந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றே திரும்பினேன். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

புது வண்டி கெட்டுப்போன மனிதன் முகம் எப்படி இருக்க வேண்டும்? எத்தனையோ பார்த்திருக்கிறேன். சின்னக் கீறலுக்கே சண்டைக்கு வந்து நிற்பார்கள். இவர் முகத்தில் அந்தக் கடுகடுப்பு இல்லை. காலையிலிருந்து விறைத்துப்போயிருந்த முகம் இப்போது தளர்ந்திருந்தது. நெடுநேரம் எதையோ எதிர்பார்த்து நின்றவருக்கு அது கிடைத்துவிட்டது போல இருந்தார். நிறம், சந்திராஷ்டமம், தரை தொடாத சக்கரம் எல்லாம் எனக்கு ஒரே வரிசையில் வந்து நின்றன. இவருக்குக் குரங்கு மேல் ஒரு வருத்தமும் இல்லை. குரங்கு வராவிட்டால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

"ஏட்டையா, ஒரு டீ குடிப்போம், வாங்க" என்று பக்கத்து பஜ்ஜிக் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் கூட்டிக்கொண்டு போனேன். டீயைக் கையில் கொடுத்தேன். வியாபாரக் குரலை விட்டுவிட்டுக் கேட்டேன்: "கொரங்கு உக்காரலேன்னா எடுத்துருப்பியளா?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பேசவில்லை. பேசாமல் நிற்பது நம் தொழிலில் ரொம்பக் கஷ்டம். நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கழித்து, மீசைக்குள்ளேயே சொல்வது போல் சொன்னார். "நா புளியறை செக்போஸ்ட்டுல இருந்தவன் வே. அந்த ரோடு எனக்குத் தெரியும். மலையெறங்கி வாற லாரி, எதிர்த்தாப்புல மழ. ஒரு பிள்ள. ஸ்கூட்டிதான். நம்ம செல்வி வயசு இருக்கும். ஹெல்மெட்டு சீட்டுக்கு அடியில இருந்துச்சி, கவருகூடப் பிரிக்கல. நாந்தான் தூக்குனேன்."

"இத வீட்டுல சொல்லக் கூடாதா ஏட்டையா?"

"எப்பிடிச் சொல்லுவேன்? புது வண்டி எடுக்கப்போற வீட்டுல இந்தப் பேச்ச எடுக்கலாமா? நாஞ்சொல்லி, அது பலிச்சிட்டுன்னா?"

எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் நாமும் அதைத்தானே செய்கிறோம்? ஷோரூமுக்குள் 'விபத்து' என்ற சொல் நுழைந்ததே கிடையாது. இன்ஷூரன்ஸ் எதற்கு என்று கேட்டால் 'ஏதாவது ஒண்ணுன்னா' என்கிறோம். ஹெல்மெட் எதற்கு என்றால் அதற்கும் 'ஏதாவது ஒண்ணுன்னா'. புது வண்டிக்கு முன்னால் அபசகுனமாகப் பேசக் கூடாது. இந்த மனிதரும் பேசவில்லை. பயத்தைச் சொல்ல முடியாமல், சொல்லக்கூடிய சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கி நிறம், நட்சத்திரம், குரங்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மருமகளைத் தடுக்கிற கொடுமைக்கார மாமனார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், மனிதர் வீட்டில் தூங்கியிருக்கவே மாட்டார்.

திரும்பினால் பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். நடை சாத்தப் போகிறார்கள் என்று சொல்ல வந்தவள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் ஹெல்மெட். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நேராக இருந்தது.

"மாமா, ஆஸ்பத்திரியில எனக்கு எந்த எடத்துல வேலைன்னு நீங்க கேக்கவே இல்லையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ரோட்டுல அடிபட்டு வாறவங்களக் கொண்டாந்து போடுத எடத்துலதான். நீங்க தூக்கிட்டு வந்தா, கைநீட்டி வாங்கதுக்கு அங்க ஒரு ஆளு வேணும்லா மாமா? அந்த ஆளு நாந்தான். எனக்கு அந்த ரோட்டு மேல பயம் இல்லேன்னு நெனச்சியளா? பயமா இருக்கு. பயந்துக்கிட்டேதான் ஓட்டுவேன். மெதுவா ஓட்டுவேன்."

மழை தார்ப்பாயில் சடசடவென்று விழுந்தது. ஏட்டையா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவள் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி, கவரைப் பிரித்தார், வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மணி என்னவே?" என்றார்.

அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். மேகம் மூடிக் கிடந்தது, அவரிடம் வாட்ச் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் ஒருவர் மனதைத் திறந்து காட்டிய பிறகு அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பன்னெண்டு தாண்டிட்டு ஏட்டையா. ராகு காலம் பொறந்துட்டு" என்றேன்.

மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். செல்வி அவர் மீசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

"லாரிக்காரனுக்கும் ராகு காலந்தான வே?" என்றார் ஏட்டையா. "அவனும் பயந்து மெதுவாத்தான் வருவான். நல்ல நேரம்னா எல்லாப் பயலும் பறப்பான். இப்பம் போறதுதான் நல்லது. ஏட்டி செல்வி, நானும் பின்னால ஏறுதேன். ஆஸ்பத்திரி வரைக்கும் எந்த வளைவுல எப்பிடித் திரும்பணும்னு காட்டித் தாரேன்."

பஞ்சாங்கத்தை அவ்வளவு அழகாக மடக்கிப் பையில் போட்ட மனிதரை நான் பார்த்ததே இல்லை. குருக்கள் கிளம்பிக்கொண்டே அவசரமாக ஒரு கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழங்கள் எங்கே உருண்டு போயினவோ, யாரும் தேடவில்லை. மிச்சம் இருந்தது குரங்கு மட்டும்தான். அது இறங்குவதாக இல்லை. ஏட்டையா அதட்டினார், நான் கைக்குட்டையை வீசினேன், அது எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. செல்வி பக்கத்தில் போய், வார்டில் பேசுகிற குரலில் "எறங்கு" என்றாள். இறங்கிப் போய்விட்டது.

வண்டியோடு நாம் இரண்டு ஹெல்மெட் கொடுக்கிறோம். இரண்டாவது ஏட்டையாவின் தலைக்குள் இறங்கவில்லை. பாதியில் நின்றுவிட்டது. பரவாயில்லை என்று வாரைக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துப் பின்னால் ஏறினார். மேனேஜர் கேட்டிருந்தாரே என்று நான் ஒரு போட்டோ எடுத்தேன். அதில் பாதி தின்ற மாலை, பாதி ஏறிய ஹெல்மெட், ஓரத்தில் குரங்கு. ஷோரூமில் அதை மாட்டவே இல்லை. எனக்கு அதுதான் நான் எடுத்ததிலேயே நல்ல டெலிவரி போட்டோ.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வாடிக்கையாளர் வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னால் அதற்குப் பதில் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நான் ஆஞ்சநேயரையே துணைக்குக் கூப்பிட்டும் தோற்றேன். சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்று பாருங்கள். அதற்கு ஒரு டீயும் கொஞ்சம் வாயடக்கமும் போதும். ஏதாவது ஒண்ணுன்னா என்று பூசி மெழுகுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் எதற்கு என்று கேட்டால் எதற்கு என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும்.

மறுநாள் காலை நான் ஷோரூமுக்குள் நுழைகிறபோதே போன் அடித்தது. செல்விதான்.

"வேலையில சேந்துட்டேன் அண்ணாச்சி. மாமாவும் பின்னால உக்காந்து வந்தாவ."

"நல்லதும்மா. ஏட்டையா திரும்பிப் போயாச்சா?"

"எங்க போறாவ? காலையில பஸ் இல்லேன்னு ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்தாவ. இப்பம் பஸ் வந்துட்டு, போங்கன்னாலும் போவ மாட்டேங்காவ. என் டூட்டி முடியட்டும், சேந்தே போவோம்ங்காவ. நாளைக்கும் வருவாவளாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவியளுக்கு ஒரு ஹெல்மெட்டு வேணும் அண்ணாச்சி. இருக்கதுலயே பெரிய சைஸா எடுத்து வைங்க. மீச மடங்காம இருக்கணும்."